மூன்றாம் பக்கத்து முதல் பாட்டு

ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் மதியத்துக்கு மேல் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசினாலும் காதில் விழாது. துவைக்கிற மெஷின்கள் ஒரு பக்கம் உறுமும். உலர்த்துகிற மெஷின்கள் ஒரு பக்கம் புரளும். நடுவில் நீளமான இஸ்திரி உருளை படுக்கை விரிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் வாங்கி அந்தப் பக்கம் துப்பிக்கொண்டிருக்கும். அங்கே மேற்பார்வை பார்க்கிறவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வீட்டில் இளையவள் என்பதால் சின்னவள் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். தலை நரைத்த பிறகும் அந்தப் பேர் மட்டும் நரைக்கவில்லை. அவளுடைய முழங்கால்கள் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் குனிந்து செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பிருக்காது. காலாலேயே உதறிவிட்டு, விளக்கைப் போடாமல் கட்டிலில் சாய்ந்துவிடுவாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. கூடத்துக் கதவருகே யாரோ கையை ஆட்டுவது தெரிந்தது. பார்த்தால் அத்தான். அக்காவின் புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் பார்வையை எல்லாம் சரிபண்ணிக் கொடுப்பார். தன் கண்ணாடியை மட்டும் நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடுவார். அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திப் பத்துப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இந்த மனிதர் மட்டும் எப்போதாவது போன் செய்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பயந்து வைத்துவிடுவார். அவர் நேரில் வந்து நிற்கிறார் என்றால் சும்மா இருக்காது. சின்னவள் அவரைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்காவுக்கு என்ன?"

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. பதறாதே. காதுதான்."

"எந்தக் காது?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அக்காவுக்கு இருப்பதே ஒரு காதுதான். இடது காது, சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போய்விட்டது.

"அந்த ஒண்ணேதான்," என்றார் அத்தான். "நரம்புல கட்டியாம். எடுக்காம விட்டா மூளைப் பக்கம் வளந்துடுமாம். எடுத்தா காது போயிடும். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

உருளையின் சத்தம் படிக்கட்டு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ தப்பான பொருளை விற்றுவிட்டு வந்தவர் மாதிரி தரையைப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாப்பை ஒரு தடவை முழுசா கேக்கணுங்கறா. முதல்லேருந்து கடைசி வரைக்கும், வரிசையா. உன் பாதியை வியாழக்கிழமை மத்தியானம் கொண்டு வரச் சொன்னா."

"அவளேவா சொன்னா?"

"அவளேதான். சொல்லிட்டு, 'வராட்டி போகட்டும்'னும் சொன்னா."

"ஆமா, அப்ப அவதான்," என்றாள் சின்னவள்.

பஸ் ஸ்டாப் என்பது ஓர் இசைத்தட்டு. சரியாகச் சொன்னால் ஓர் உறைக்குள் இரண்டு இசைத்தட்டு. அவர்கள் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ, கடல் தாண்டி எங்கேயோ ஐந்து நீளமுடிக்காரர்கள் சேர்ந்து போட்ட ராக் பாட்டுகள். அதற்கு ஒரு நீளமான இங்கிலீஷ் பேர் உண்டு. அட்டையை விரித்தால் அந்த ஐவரும் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அதனால் அப்பா அதற்கு பஸ் ஸ்டாப் என்று பேர் வைத்தார். வேலை கிடைத்த புதிதில் அக்காவும் தங்கையும் சேர்ந்து வாங்கிய முதல் பொருள் அது. அதற்கப்புறம் எத்தனையோ தட்டு வந்தது, போனது. எதுவும் அதன் கால் தூசி பெறவில்லை. முதல் பாட்டு ஆரம்பிக்கும்முன் பாடகன் தொண்டையைக் கனைப்பது அப்படியே பதிவாகியிருக்கும். அந்தக் கனைப்பைக் கேட்டாலே சின்னவளுக்குப் பாதிக் களைப்பு போய்விடும். பாட்டின் இங்கிலீஷ் அவளுக்குப் பாதி புரியும், மீதி புரிந்த மாதிரி இருக்கும். அது போதுமாக இருந்தது. இன்றைக்கும் இஸ்திரி உருளை சரியாக ஓடினால் இரண்டாம் பக்கத்து இரண்டாவது பாட்டின் வேகத்தில்தான் ஓடும். பாட்டோடு ஒட்டாமல் இழுத்தால் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்புவாள். வந்து பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும்.

அப்பா போன பிறகு அந்த வீட்டைக் காலி செய்தார்கள். பீரோவுக்குச் சண்டை வரவில்லை, கட்டிலுக்கு வரவில்லை. பிளேயர், ஸ்பீக்கர்கள், சோபா அக்காவுக்கு. பீரோவும் கட்டிலும் தங்கைக்கு. எல்லாம் சிரித்துக்கொண்டே நடந்தது. கடைசியில் பஸ் ஸ்டாப் வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் கை வைத்தார்கள். சின்னவளுக்குக் கல்யாணம் பேச்சாகவே இருந்து பேச்சாகவே போன வீடு அது. அப்பாவின் கடைசி வருஷங்களில் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வேலைக்கும் போய் வந்தவள் அவள். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவாள், தட்டைப் போடுவாள், சிரிப்பாள், போய்விடுவாள். "அவ வந்தாத்தான் வீடு வீடா இருக்கு," என்பார் அப்பா. அதை எல்லாம் விழுங்கிக்கொண்டு இருந்தவள், அன்று தட்டைப் பிடித்துக்கொண்டு, "இதையாவது எனக்கு விடு," என்றாள். அதற்கு அக்கா சொன்னாள்: "அப்பாவைப் பாத்துக்கிட்டதுக்குக் கூலி கேக்கறியா?"

அவ்வளவுதான். கத்திரிக்கோல் வந்தது. அட்டையை மடிப்போடு வெட்டினார்கள். மடிப்பு மூன்றாவது ஆளின் மூக்கு வழியே போயிற்று. டிரம்ஸ் வாசிக்கிறவன். அவனுக்கு ஒரு கண் ஒரு வீட்டுக்கும் இன்னொரு கண் இன்னொரு வீட்டுக்கும் போயிற்று. தட்டு ஆளுக்கொன்று. கோபத்தில் இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழுந்து பாடும் பிளேயர்கள் இருந்தன. அதற்குத் தோதாக, ஒரு தட்டில் ஒன்றாம் பக்கத்தையும் நாலாம் பக்கத்தையும், மற்றதில் இரண்டையும் மூன்றையும் அச்சடித்திருந்தார்கள். ஆக, தலையும் காலும் அக்காவுக்குப் போயின. சின்னவளுக்கு வயிறு மிஞ்சியது. அதைப் போட்டுக் கேட்கப் பிளேயரும் இல்லை. ஒன்று வாங்கலாம் என்று பலமுறை நினைத்தாள். வாங்கினால் மற்றப் பாதிக்கு மனசு ஏங்கும் என்று வாங்கவில்லை. சலவைக்கூடத்தில் ஒருத்தி அந்தப் பாட்டுகளைப் போனில் தேடிப்பிடித்துக் காட்டியபோது, "வேணாம், மூடு," என்று சொல்லிவிட்டாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து தட்டை எடுத்தாள். பீரோவை ஒட்டியிருந்தது அடுப்படிச் சுவர். இத்தனை வருஷ வெக்கையும், மேலே ஏற்றி வைத்த பெட்டியின் கனமும் சேர்ந்து தட்டை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தன. மேஜையில் வைத்தால் தொப்பியின் விளிம்பு மாதிரி ஆடியது. எந்த முள்ளும் இதன் மேல் நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் வேலைக்கு நடுவே இரண்டு கடைக்குப் போன் செய்தாள். ஒருவன் அப்படி ஒன்று உண்டா என்றான். இன்னொருவன் வரவழைத்துத் தருகிறேன், ஒரு மாசம் ஆகும் என்றான். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வருகிற தட்டு அக்காவுக்கு எதற்கு?

புதன்கிழமை இரண்டு பேர் லீவு. விடிகாலையில் வந்த சின்னவள் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பையிலிருந்து தட்டை எடுத்தாள். முப்பது வருஷம் அவள் பார்த்த தொழிலில், கோணியது, சுருங்கியது, மடங்கியது எல்லாம் சூட்டுக்கும் கனத்துக்கும் பணிந்திருக்கின்றன. இது மட்டும் ஏன் பணியாது? மூலையில் கோட்டுகளைத் தேய்க்கிற அமுக்கு மெஷின் இருந்தது. காய்ந்த விரிப்பு ஒன்று அடியில், ஒன்று மேலே, நடுவில் தட்டு. சூட்டைப் பட்டுக்கு வைக்கிற அளவில் வைத்தாள். மேல்பலகையை இறக்கினாள். தூக்கத்தில் கண் சொருகியது. காலையிலிருந்து அந்த மெஷினில் மேஜைத் துணிகளைத் தேய்த்திருந்தார்கள் என்பதும், சூட்டைக் குறைத்து வைத்தாலும் இரும்பு உடனே ஆறாது என்பதும் எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்! நின்றுகொண்டே ஒரு கணம் கண்ணை மூடியவளுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"எதுவோ கருகுது!" என்று கத்திக்கொண்டு வந்தாள் துணி மடிக்கிறவள்.

பலகையைத் தூக்கியபோது விரிப்பு தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உரித்து எடுத்தாள். தட்டு நேராகிவிட்டிருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டு இருந்த வரிகள் எல்லாம் அழிந்து, அந்த இடத்தில் விரிப்பின் நெசவு பதிந்திருந்தது. தடவிப் பார்த்தாள். துணியைத் தடவுவது போலவே இருந்தது. துணி மடிக்கிறவள், "என்ன இது?" என்றாள். சின்னவள் அழுகை வரும் என்று காத்திருந்தாள். அழக்கூடத் தெம்பில்லை. அடுத்த வண்டித் துணி வந்துவிட்டது, எடுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை வேலையை முடித்துவிட்டு அக்கா வீட்டுப் படி ஏறினாள். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒவ்வொரு படியிலும் தோன்றியது. பிறகு, போகாவிட்டால் அவள் இல்லாத தட்டுக்காகக் காத்துக்கொண்டே இருப்பாள் என்றும் தோன்றியது. கதவைத் திறந்த அக்கா இளைத்திருந்தாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, வலது காதை முன்னால் கொண்டுவந்து நின்றாள். சின்ன வயதிலிருந்து சின்னவளுக்குத் தெரிந்த திருப்பல் அது.

"நொண்டுறே. கால் வலியா?" என்றாள் அக்கா. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு அதுதான்.

"நின்னு நின்னு."

"என்னது?"

"நின்னு நின்னு!"

உள்ளே அதே சோபா. இரண்டு பக்கமும் அதே ஸ்பீக்கர்கள். அந்தக் காலத்திலிருந்து இடமும் மாறவில்லை: சோபாவின் வலது கோடி அக்காவுடையது, கேட்கிற காதுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கும்படி. இடது கோடி தங்கையுடையது. இருவரும் பேசிவைத்த மாதிரி அவரவர் கோடியில் உட்கார்ந்தார்கள். அத்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கெட்டுப் போச்சு."

"சத்தமா சொல்லுடி."

"கெட்டுப் போச்சு! நான்தான் இஸ்திரி போட்டேன்!"

"எதை?"

"தட்டை! தட்டை இஸ்திரி போட்டேன்!"

எதிர் வீட்டில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. மானக்கேட்டைக் கிசுகிசுவென்று சொல்லவாவது உலகம் எல்லோரையும் அனுமதிக்கிறது. சின்னவளுக்கு அதுவும் இல்லை. பையிலிருந்து தட்டை எடுத்துக் கொடுத்தாள். அக்கா வாங்கி, நெசவின் மேல் விரலை ஓட்டினாள். சிரிப்பாள் என்று அத்தான் எதிர்பார்த்தார் போல. பாதி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அக்காவின் வாய் கோணியது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். நாளைக்கு இல்லாமல் போகப்போகிற ஒன்றுக்காக ஒருத்தி கடைசியாக ஒரே ஓர் ஆசைப்பட்டாள், அதையும் நான் பொசுக்கிவிட்டேன் என்று சின்னவள் தன்னையே கரித்துக்கொட்டிக்கொண்டாள்.

அத்தான் மெல்லப் போனை எடுத்தார். "இதுல இருக்கும்மா. தேடித் தரட்டா?"

"அதுல போட்டா என் காதுல தகர டப்பா உருள்ற மாதிரிதான் இருக்கு. நேத்தே பாத்துட்டேன். ஸ்பீக்கர்ல வந்தாத்தான் கொஞ்சமாவது நெஞ்சுல இடிக்குது," என்றாள் அக்கா. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, விடு. இருக்கிறதைப் போடு."

ஒன்றாம் பக்கம் ஓடியது. பாடகன் கனைத்தான். சின்னவள் இத்தனை வருஷம் கழித்து அந்தக் கனைப்பைக் கேட்டாள். நேற்றுத்தான் கேட்ட மாதிரி இருந்தது. அக்கா ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துக்கொண்டு, காதைச் சாய்த்து, பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி கேட்டாள். பக்கம் முடிந்து முள் தானாக எழுந்து திரும்பிப் போனது. அறை அமைதியானது. அடுத்து வர வேண்டியது இரண்டாம் பக்கம், அது அமுக்கு மெஷினில் போய்விட்டது.

சின்னவள் எழுந்து போய் அக்காவின் வலது பக்கம், சோபாவின் கைப்பிடி மேல் உட்கார்ந்தாள். அக்காவின் காதருகே குனிந்தாள். பாட ஆரம்பித்தாள்.

அவளுக்குக் குரல் ஒன்றும் கிடையாது. உள்ளதும் சலவைக்கூடத்தில் கத்திக் கத்திக் கரகரத்துப் போனது. ஆனால் இரண்டாம் பக்கம் அவளிடம் முழுசாக இருந்தது. பாட்டு, நடுவே வரும் ஆர்கன், பாடகன் மூச்சு வாங்குகிற இடம், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி எல்லாம் அதனதன் நீளத்தில் இருந்தன. கிட்டாருக்கு மூக்கால் பாடினாள், டிரம்ஸுக்குச் சோபாவைத் தட்டினாள். அத்தான் முதலில் ஜன்னலைச் சாத்தினார், பிறகு தலையாட்டத் தொடங்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் பக்கம் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாம் பக்கத்தைத் தொடங்கி, சின்னவள் மூக்கால் ஓர் இழுப்பு இழுத்தாள்.

"நிறுத்து," என்றாள் அக்கா. "அங்க டிரம்ஸ்தான் முதல்ல."

"கிட்டார்."

"டிரம்ஸ்டி! டிரம்ஸ் நாலு அடி அடிச்சப்புறம்தான் கிட்டார் வரும்."

"கிட்டார்தான் முதல்ல! மெதுவா வரும்!"

பழைய சண்டை இது. சேர்ந்து இருந்த நாளிலேயே இதற்கு முடிவு கண்டதில்லை. தட்டைப் போட்டுக் கேட்பார்கள்; கேட்டுவிட்டு, "பாத்தியா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். அப்பாவைக் கேட்டால், "எனக்கு ரெண்டும் ஒரே சத்தம்," என்பார். இப்போதும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். கத்திக்கொண்டே போனதில் சின்னவளுக்கு வாய் தவறியது.

"எப்பவும் நீ சொல்றதுதான்! அன்னிக்கு ஏன் கூலின்னு சொன்னே?"

அது காதில் விழுந்திருக்காது என்று ஒரு கணம் நினைத்தாள். விழுந்துவிட்டிருந்தது.

"சொன்னேன்," என்றாள் அக்கா. "நான் அந்த வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை விருந்தாளி. அவருக்கு வலி வந்தா உன் பேரைத்தான் கூப்பிடுவார். எனக்கு எரிஞ்சுது. வாயில வந்ததைச் சொன்னேன். மறுநாளே வந்து தப்புன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அப்புறம் நாள் ஆக ஆக வாயே வரல."

"எனக்கு எவ்வளவு வலிச்சுது தெரியுமா?"

"தெரியும்டி."

சின்னவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. மூன்றாம் பக்கத்தை மறுபடி தொடங்கினாள், கிட்டாரில்தான் தொடங்கினாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். முடிந்ததும் அத்தான் போய்த் தட்டைத் திருப்பிப் போட, நாலாம் பக்கம் ஓடியது. இத்தனை வருஷம் எட்டாமல் இருந்த பக்கம். சின்னவள் தன் கோடிக்குப் போய் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்தாள். முதல் பாட்டில் பாதி கேட்டிருப்பாள்.

கண் விழித்தபோது தட்டு நின்றிருந்தது. அவள் மேல் ஒரு போர்வை கிடந்தது.

"ஏன் எழுப்பல?" என்று பதறினாள்.

"குறட்டை விட்டே. ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் அக்கா. "பாட்டையும் கேட்டேன், அதையும் கேட்டேன்."

கிளம்பும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். "ரெண்டும் மூணும் இருக்கிற தட்டு எங்கேயாவது கிடைச்சா வாங்கிட்டு வா. யார் சொன்னது சரின்னு பாத்துடுவோம்."

"உனக்கு எப்படி…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள் சின்னவள்.

"உன் மூஞ்சியைப் பாத்துக்கறேன். நீ தோத்தா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. டாக்டர் சொன்னபடியே காது போயிற்று. ஆபரேஷனுக்கு மழித்த இடத்தில் முடி முளைக்கத் தொடங்கியபோது, ஒரு மாசம் ஆகும் என்ற கடைக்காரனிடம் சின்னவள் சொல்லிவைத்திருந்த தட்டு வந்தது. பிற்பாடு அச்சடித்தது, ஒன்றும் இரண்டும் ஒரு தட்டில், மூன்றும் நாலும் ஒரு தட்டில். அட்டையில் ஐந்து பேரும் முழுசாக உட்கார்ந்திருந்தார்கள். டிரம்ஸ்காரனுக்கு இரண்டு கண்ணும் இருந்தது.

அன்றும் வேலை முடிந்துதான் போனாள். அக்கா அவளை இடது கோடியில் உட்காரவைத்து, எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள். இப்போது அக்காவின் பேச்சு முன்னைவிட உரக்க வந்தது. எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மூணாம் பக்கம்! முதல் பாட்டு! போடு!"

அத்தான் முள்ளை வைத்தார். சொரசொரவென்று ஓடியது. பிறகு இடது பக்கத்திலிருந்து கிட்டார், மெதுவாக, தெளிவாக, ஓர் இழுப்பு. அதற்கப்புறம்தான் டிரம்ஸ் விழுந்தது. அவள் சொன்னதுதான் சரி. ஆரம்பத்திலிருந்தே அவள்தான் சரி. ஒரு காலத்தில் இதற்காகச் சோபா மேல் ஏறி நின்று குதித்திருப்பாள். எதிரே இரண்டு கண்கள் அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டு காத்திருந்தன. அக்காவுக்கு இனி வேறு வழியில் எதுவும் தெரியப்போவதில்லை. சின்னவள் கன்னத்தைத் தொங்கவிட்டாள், கண்ணைத் தாழ்த்தினாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த முகத்துக்கு அதிகமாக நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"டிரம்ஸ்!" என்று கூவினாள் அக்கா. கையைத் தட்டினாள். "சொன்னேனா இல்லையா!"

சின்னவள் தலையாட்டினாள். அக்கா அத்தானைப் பார்த்து, "நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றாள். அவர், "இதுல கிட்டார் எது?" என்றார். அது அவளுக்குக் கேட்கவில்லை. அவர் வாயைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடுங்க! தோத்தவ நல்லா கேக்கட்டும்!"

அக்கா ஸ்டூலை விட்டு எழுந்து சோபாவின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை முள்ளைச் சின்னவளே வைத்தாள். திரும்பி வந்தவளுக்குச் சுற்றிக்கொண்டு இடது கோடிக்குப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கிட்டே இருந்த வலது கோடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தலை தானாகச் சாய்ந்து அக்காவின் தோளில் விழுந்தது. இடது காது தோளில் புதைந்தது. வலது காது ஸ்பீக்கர் பக்கம் திறந்திருந்தது.

சொரசொரப்பு ஓடியது. பிறகு டிரம்ஸ். நாலு அடி, பக்கத்தில் நின்று அடிக்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் கிட்டார், எங்கேயோ அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல.

சின்னவள் மூச்சை நிறுத்தினாள். அந்தக் காலத்துப் பதிவு. கிட்டாரை இடது ஸ்பீக்கரிலும் டிரம்ஸை வலது ஸ்பீக்கரிலுமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அக்காவுக்கு இடது காது இல்லை என்பது அவளுக்குத் தெரியாததா? நினைவு தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் அந்தக் காது இல்லாமல் இந்தப் பாட்டு எப்படித் தொடங்கும் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. அந்த மெதுவான இழுப்பு அக்காவுக்கு ஒரு தடவைகூட எட்டியிருக்காது. அவள் பொய் சொல்லவில்லை, பிடிவாதமும் பிடிக்கவில்லை. கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறாள். சின்னவளின் கண் நிறைந்து, மூக்கோரமாக வழிந்து அக்காவின் ரவிக்கைத் தோளை நனைத்தது.

அக்கா கழுத்தைத் திருப்பிக் குனிந்து அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இந்த முறை சத்தம் போடவில்லை. எப்படியோ குரல் தணிந்து வந்தது.

"முதல்ல காட்டினே பாரு ஒரு மூஞ்சி, அது நடிப்பு. எனக்குத் தெரியாதா? உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ நான். இப்பத்தான்டி நிஜமாவே தோத்திருக்கே."

சின்னவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தலை தோளிலேயே இருந்ததால் அக்காவுக்கு அது தெரிந்தது.